வாயில் வெள்ளை, வழியெல்லாம் விசாரணை: ஒரு கிளினிக் பயணம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கணவருடன் மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போய் வந்தேன். இதே வேலையாகப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன், பெயர் போடவில்லை. அவர் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். தெரிந்துதான் கலியாணம் முடித்தேன். என்னைப் பெற்ற உம்மாவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவதால் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அவர் வாயெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று இரண்டு கிழமை சாதித்தார். வெற்றிலையை விட்டும் வெள்ளை போகவில்லை. சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் கிளம்பச் சம்மதித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்.

கல்முனையில் காலை ஆறரை பஸ். நாற்பது கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். இதில் ரகசியமாகப் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டக்டர் எங்கள் தெருக்காரர்.

"எங்க மச்சான் போறீங்க?"

"கண் காட்டப் போறம்," என்றார் இவர்.

முன் சீற்றில் இருந்த பெரியவர் உடனே திரும்பி, எந்தக் கண் டொக்டர் நல்லவர் என்று களுவாஞ்சிக்குடி வரை விளக்கினார். உம்மா கட்டித் தந்த புட்டும் மீன் ஆணமும் என் மடியில் மணக்க, "சாப்பிடுங்க தம்பி" என்று வேறு நெருக்கினார். இவருக்கோ எச்சில் விழுங்கவே கண்ணீர் வந்தது.

டொக்டர் வாயைப் பார்த்ததும் பூஞ்சை என்றார். எதிர்ப்புச் சக்தி இறங்கினால்தான் தொண்டை வரை போகும், எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேட்டார்.

"ஓம்," என்றேன் நான், முந்திக்கொண்டு.

"இல்ல," என்றார் இவர். "ரெண்டு மாசமா இல்ல."

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"அலுமாரி முழுக்க மாமிட சாமான். எங்க வெச்சாலும் அவங்கட கை படுது. ஒங்கட ஊட்டுல ஒளிச்சு வெக்க எனக்கு ஒரு இடமில்லியே."

வீடு என் பெயரில், அலுமாரி உம்மாவின் கையில், மனுசன் பூஞ்சை பிடித்து நிற்கிறார். யாரை ஏச?

போகிறவர்களுக்கு: வாயில் வெள்ளை படிந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் உடனே காட்டுங்கள். மாத்திரையை விட்டிருந்தால் மறைக்க வேண்டாம். எங்களை யாரும் ஏசவில்லை. பூஞ்சைக்கு மருந்து தந்து, இரத்தம் எடுத்து, பழைய மாத்திரையை எப்போது தொடங்குவது என்றும் சொன்னார்கள். பஸ் காசைத் தவிரச் செலவில்லை. புட்டு வேண்டாம், கஞ்சி கொண்டு போங்கள்.

திரும்பி வந்து கல்முனையில் ஒரு பூட்டு வாங்கினேன். அலுமாரியின் ஒரு லாச்சியை இழுத்து, அதிலிருந்த உம்மாவின் சாமான்களை வெளியே எடுத்து வைத்து, பூட்டைப் போட்டு, திறப்பைக் கணவர் கையில் கொடுத்தேன்.

"மருமகனுக்கு என்னத்துக்குடி தனி லாச்சி?" என்று கேட்டார் உம்மா.

"அவர் உசிரோட இருக்க, உம்மா."

உம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இரண்டாவது லாச்சியையும் காலி செய்து தந்தார்.