சைக்கிளிலிருந்து இறங்கிய பின் அரைமணி நேரம்

முதலில் நின்றுபோனது மணிச் சத்தம். அது ஒரு நோயின் அறிகுறி என்று எனக்குத் தெரியவில்லை. வீம்பு என்று நினைத்தேன்.

கண்டிக்கு அப்பால் மடுல்கெல்லைக்கு மேலே, மலைக்காட்டுப் பூங்காவின் ஓரமாக ஒரு பழைய தோட்டப் பாதை போகிறது. மண்சரிவில் பாலம் உடைந்த பிறகு அதை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். தடுப்பைத் தாண்டினால் ஏழு கிலோமீற்றருக்கு ஒரு லொறி கிடையாது, ஓட்டோ கிடையாது. மலையை ஒட்டி வளைந்து வளைந்து போவதால் பெரிய ஏற்றமும் இல்லை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பள்ளத்தில் தேயிலை, நடுவில் நாங்கள் இருவர் மட்டும்.

என் கணவர் நில அளவையாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்தவர். கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது அலுமாரியோடு சைக்கிளையும் லொறியில் ஏற்றி வந்தார். கண்டி ஏற்றத்தில் சைக்கிள் ஓட ஒன்றில் இளந்தாரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விசர் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று அயலவர்கள் பகிடி பண்ணுவார்கள். வேலைக்காக மலைகளில் அலைந்த காலத்தில் அவர் கண்ட பாதை இது. நான் கணித ஆசிரியை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினோம். தடுப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ராமையா, தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர், எங்கள் சைக்கிள்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. முன்னே போகும் அவர் வளைவுக்கு வளைவு ஒரு தரம் மணி அடிப்பார். பின்னே வரும் நான் பதிலுக்கு ஒன்று அடிக்க வேண்டும். புல்லுக்கட்டோடு வருகிறவர்கள் ஒதுங்கவும், நான் விழுந்து கிடக்கவில்லை என்று அவருக்குத் தெரியவும் அது போதும்.

ஒரு சனிக்கிழமை அவர் அடிக்கவில்லை. அடுத்த கிழமையும் இல்லை.

அதற்குச் சற்று முன்னர்தான் எங்களுக்குள் சண்டை வந்திருந்தது. அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருக்கும் மகளிடம் போய்விடலாம் என்றேன். அவர் மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அவர் முகம் கல்லாகிவிட்டது. சிரிப்பு இல்லை, பேச்சும் குறைந்தது. சரி, உமக்கு வீம்பு என்றால் எனக்கும் இருக்கிறது என்று நானும் மணி அடிப்பதை நிறுத்தினேன். தேத்தண்ணீரைக் கொண்டுபோய் மேசையில் 'டக்' என்று வைத்துவிட்டு வருவேன். மகளோடு கதைக்கும்போது அவர் காதில் விழும்படி ஏதாவது குத்திச் சொல்வேன். எட்டு மாதம் இப்படியே போனது. முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதரை நான் எட்டு மாதம் வெறுத்தேன். வேறு சொல் போட்டு இதை எழுத முடியாது.

ஒருநாள் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், பஸ் புறப்படும் நேரம், வழி நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் இப்பிடி மரம் மாதிரி நிக்கிறியள்? பஸ் வெளிக்கிடப் போகுது!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"கால் வருகுதில்லை," என்றார்.

நரம்பியல் வைத்தியர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. என் கணவரை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். ஒரு தாளில் பெயரையும் விலாசத்தையும் எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. வரைபடங்களில் அச்சுப்போல எழுதிய கை அது.

"எப்ப இருந்து பேச்சு கொறஞ்ச?" என்று கேட்டார்.

"அது நோய் வருத்தம் இல்லை, டொக்டர். எட்டு மாதமா என்னோட கோவம்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோவம் இல்ல டீச்சர். மொகத்துல உள்ள தசை எறுகிப் போய்ட்டு. அவர் உள்ளுக்குச் சிரிச்சாலும் வெளிய தெரியாது."

பார்கின்சன் (அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைன் என்ற இரசாயனம் மூளையில் குறைந்துபோகும் நோய்) என்றார். மணியை அழுத்தாத பெருவிரலும், அசையாத முகமும், தரையில் ஒட்டிக்கொண்ட காலும் ஒரே நோயின் வேலை. அந்த நேரம் எனக்கு நோயைப் பற்றிய பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது, வீட்டில் ஒருவர் காரணமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அவர் எழுத்தைப் பாருங்கள். நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கோபிக்கலாம்.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்து) நாளுக்கு மூன்று வேளை தொடங்கியது. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சரியாக வேலை செய்யாது என்பதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். வீட்டின் நேரம் அந்த மாத்திரைகளைச் சுற்றித் திரும்பியது.

நாலு மாதம் கழித்து, சைக்கிள்களை ராமையாவுக்கே கொடுத்துவிட வாடகை வான் பிடித்துப் போனோம். வானிலிருந்து தடுப்புவரை வருவதற்குள் அவருக்கு மூன்று தரம் கால் உறைந்துவிட்டது. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"கடைசியா ஒருக்கா ஏறித்தான் பாருங்களேன் ஐயா. நான் புடிச்சுக்கிறேன்," என்றார் ராமையா.

இருவருமாக அவரைத் தூக்கி இருத்தினோம். ராமையா மெல்லத் தள்ளினார். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அவர் எங்கள் கையை விட்டுப் போய்விட்டார்.

"ஐயோ, பிடியுங்கோ!" என்று அலறினேன். ராமையா பின்னால் ஓடினார். பத்து யார் தூரம் போய் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அம்மா, ஐயா ஓடுறாருங்க!"

பத்தடி நடக்க முடியாத மனிதர் வளைவைத் தாண்டி மறைந்தார். கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்தவரை இருவருமாகப் பிடித்து நிறுத்தினோம்.

இது வைத்தியத்தில் தெரிந்த விஷயம்தான் என்றார் டொக்டர். நடையை மறந்த காலை, சுற்றும் மிதிகட்டை தானே கூட்டிக்கொண்டு போகும். எல்லாருக்கும் சரிவராது. உங்கள் வைத்தியரைக் கேட்காமல் முயலாதீர்கள். எங்களுக்கும் வாகனமே இல்லாத அந்தப் பாதையில் மட்டும், தலைக்கவசத்தோடு, மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் என்றுதான் அனுமதி கிடைத்தது. ஏறவும் நிறுத்தவும் அவரால் முடியாது. ராமையா ஏற்றிவிடுவார். திரும்பி வரும்போது நான் முந்தி வந்து இறங்கிக் கைப்பிடியையும் ராமையா இடுப்பையும் பிடித்து நிறுத்துவோம்.

அந்த நாட்களின் பெரிய கொடை சைக்கிள்கூட அல்ல. இறங்கிய பிறகு ஏறத்தாழ அரைமணி நேரம் அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது. வீட்டில் பக்கத்து அறைக்குக்கூட எட்டாத குரல், அங்கே மண்மேட்டில் இருந்து பிளேன்டீ குடிக்கும்போது கணீர் என்று வரும். அளவுச் சங்கிலியை அட்டை கடிக்கக் கடிக்க இழுத்துப்போன கதைகள், ராமையாவின் கோழிகளைப் பற்றிய விசாரணை, என் சைக்கிளோட்டத்தைப் பற்றிய நக்கல், எல்லாம் வரும். பிறகு வானொலியைக் குறைப்பதுபோல் குரல் இறங்கிவிடும்.

அந்த அரைமணிக்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் முழுதாகப் பதில் சொல்லக்கூடிய நேரம் அது ஒன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாய்வரை வரும். கிழமைக்கு ஒருமுறை கிடைக்கும் சந்தோசத்தில் போய் அந்த எட்டு மாதத்தைக் கொட்டுவதா என்று விழுங்கிவிடுவேன். அடுத்த கிழமை பார்க்கலாம் என்பேன். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் அடுத்த கிழமைகள் இருந்தன.

மூன்றாம் வருடம் மருந்து தேயத் தொடங்கியது (ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்னரே தீர்ந்துவிடுவது). ஒரு சனிக்கிழமை என் சைக்கிளில் காற்றுப் போய்விட்டது. அவர் தனியே போனார், திரும்பவில்லை. ராமையாவும் நானும் ஓடினோம். நாலாவது வளைவில், மண்திட்டில் தோளைச் சாய்த்தபடி, சைக்கிளுக்கு மேலேயே உறைந்து நின்றார். ஒரு கால் மிதிகட்டையில், மற்றது பாதி இறங்கியபடி. கணுக்காலில் அட்டைகள். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. இரண்டடி தள்ளிப் பள்ளம்.

"போதும் டீச்சர். இனி வாணாம்," என்றார் டொக்டர்.

அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும். ஒரு கிழமை முழுக்க வசனத்தை மாற்றி மாற்றி மனதுக்குள் எழுதினேன். கடைசியாக ஒருமுறை, முதல் வளைவு வரைக்கும் மட்டும், டொக்டரின் அரைமனச் சம்மதத்தோடு போனோம். ராமையா பக்கத்திலேயே ஓடினார். திரும்பி வந்து மண்மேட்டில் இருந்தோம். இந்தச் செய்தி, அந்த மன்னிப்பு என்று சொல்ல எனக்கு இரண்டு விஷயங்கள் இருந்தன.

"இதுதான் கடைசி என்ன?" என்றார் அவர்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. காலமை தொடக்கம் உம்மட முகத்தில கிடக்குது."

இவ்வளவு காலமும் அவர் முகத்தை நான் பிழையாக வாசித்ததையே நினைத்து அழுதுகொண்டிருந்தேன். என் முகத்தை அவர் சரியாக வாசித்திருப்பார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"அப்ப அந்த எட்டு மாதமும்?" என்றேன். எந்த எட்டு மாதம் என்று அவர் கேட்கவில்லை.

"தெரியும். என்னைக் கண்டால் உமக்குப் பிடிக்கேல்லை எண்டு விளங்கினது."

"பிறகேன் என்னட்ட ஒண்டும் சொல்லேல்லை?"

குரல் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கிட்டப் போனேன்.

"சொன்னனான். என்னில என்ன பிழை எண்டு எத்தினையோ தரம் விசாரிச்சனான். நீர் அடுப்படியில நிண்டனீர். என்ர குரல் அங்க வந்து சேரேல்லைப் போல."

ராமையா சைக்கிள்களை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் அசையவில்லை. அரைமணி முடிந்திருந்தது.

இப்போது அவர் கட்டிலோடு. மகளும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் எங்கேயும் போகவில்லை. என் நாட்களுக்குக் காலை மாலை இல்லை, மாத்திரை வேலை செய்யும் நேரமும் செய்யாத நேரமும்தான். எனக்கும் முதுகு வளைந்துவிட்டது. அது கட்டிலின் உயரத்துக்கு வளைந்த முதுகு. அடுப்பில் எது வைத்தாலும், அவர் உதடு அசைவதைக் கண்டால் அணைத்துவிட்டு ஓடி வந்து, குனிந்து, காதை அவர் வாயோடு வைக்கிறேன். ஒரு சொல் வரச் சில நிமிடம் ஆகும். பல நேரம் சொல் எதுவும் வருவதில்லை, வெறும் மூச்சுத்தான். அதையும் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழும்புகிறேன்.