இரண்டரை நொடி அமைதி

சினிமா ட்ரெய்லருக்குச் சத்தம் போடுவது என் தொழில். யாராவது விசாரித்து நான் இப்படிச் சொன்னால், என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "வீட்லயும் அதே வேலைதான்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மறைத்து என்ன ஆகப்போகிறது?

சண்டைப் பட ட்ரெய்லரில் எதுவும் சும்மா நடக்காது. கதாநாயகன் கழுத்தைத் திருப்பினாலே 'விஷ்க்' என்று காற்று கிழிய வேண்டும். அவன் வேட்டியை மடித்துக் கட்டினால் சாட்டையடி. அந்தச் சாட்டை எங்கள் மொட்டை மாடியில் ஈரத்துண்டை உதறி எடுத்தது. எலும்பு முறிவதெல்லாம் முருங்கைக்காய். மைக் முன்னால் முறித்து முடித்ததும் அதையே சாம்பாரில் போட்டுவிடுவேன். வீணாக்க மனசு வராது.

இயக்குநர்கள் சத்தத்தை வாயாலேயே கேட்பார்கள். "அக்கா, இங்க 'பூஊஊம்'னு ஒண்ணு. உடனே ஒரு 'ஷ்ஷிங்'. அப்புறம் டப் டப்னு நெஞ்சு அடிச்சுக்கணும்" என்று போனில் ஒருவர் எச்சில் தெறிக்கச் சொல்லுவார். நானும் "சரி சார், 'பூஊஊம்' எவ்வளவு நீளம்?" என்று சீரியஸாகக் கேட்டு எழுதிக்கொள்வேன். இப்படி ஏழெட்டு வருஷம் ட்ரெய்லர் ட்ரெய்லராகவே ஓடியது. ஒரு முழுப் படத்துக்குச் சத்தம் அமைக்க வேண்டும், பெயர்ப் பட்டியலில் என் பெயர் தனியாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. பேராசை என்று அம்மா சொல்வாள்.

அந்த ஆசைக்கு ஒருநாள் வழி பிறந்தது. முதல் படம் எடுக்கும் ஓர் இளம் இயக்குநர் ட்ரெய்லர் வேலையை என்னிடம் கொடுத்தார். ட்ரெய்லரில், வில்லனின் ஆட்கள் கதாநாயகனைச் சுற்றி வளைத்து நிற்பார்கள். அடுத்தது அவன் அடிக்கிற முதல் அடி. அந்த அடிக்கு முன்னால் இரண்டரை நொடி ஒரு சத்தமும் வேண்டாம் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"அக்கா, சத்தம் இல்லன்னா ஸ்பீக்கர் போயிடுச்சுன்னு ஜனங்க நினைப்பாங்க."

"நினைக்கட்டும். அப்பதான் அடி விழும்போது தூக்கிப் போடும். கல்யாண மேளம் மாதிரி ஒரேயடியா வாசிச்சுக்கிட்டே இருந்தா எது தாலி கட்டற நேரம்னு யாருக்குத் தெரியும்?"

ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரிக்கா, அந்த ரெண்டரை நொடி உங்களோடது. புரொடியூசருக்குப் பிடிச்சா முழுப் படமும் உங்களுக்குத்தான். பிடிக்கலன்னா என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு ரவா கேசரி கிளறினேன், படமே கைக்கு வந்துவிட்ட மாதிரி.

அமைதி இருக்கட்டும், அதற்கு முந்தைய சத்தம் பெரிதாக இருந்தால்தானே அமைதி தெரியும்? கணினியில் கிடைக்கிற இரவல் சத்தங்கள் எல்லாம் எல்லாப் படத்திலும் கேட்டுப் புளித்தவை. பம்மலில் என் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அதன் ஷட்டரை இழுத்துச் சாத்தினால் தெருவே அதிரும். ஒரு மத்தியானம் மைக்கோடு போய் நின்றேன்.

"இன்னா, ஷட்டர் சத்தத்தப் புடிச்சுகினு போவவா பஸ் ஏறி வந்த? நல்லா கீது போ!" என்றான் அண்ணன். சொன்னானே தவிர, பத்துத் தடவை ஏற்றி இறக்கினான். ஒன்பதாவது தடவை அற்புதமாக விழுந்தது. வீட்டுக்கு வந்து அதை நாலு மடங்கு மெதுவாக்கினேன். மலை சரிகிற மாதிரி ஒரு கர்ஜனை கிடைத்தது. அதன் வால் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்து அமைதிக்குள் போகும்படி விட்டேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வோம். குழாயடிச் சண்டையிலும் அப்படித்தான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. விமானம் போனதா என்று கேட்டால், நிறுத்திய எங்களுக்கே தெரியாது. என் கணவர் திண்டிவனத்துக்காரர். குரோம்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமாகி இங்கே வந்து நாலு வருஷம் ஆகியும் ஒவ்வொரு விமானத்துக்கும் அண்ணாந்து பார்ப்பார். அதற்காக அவரை நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

வேலை முடிந்ததும் படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். ஷட்டர் விழுந்தது. அமைதி. பிறகு அடி. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் தலையைத் தூக்கினார்.

"நடுவுல ஏதோ 'உம்ம்'னு கேக்குதே?"

"ஃப்ளைட்டு."

"ஃப்ளைட்டா? எனக்கு அப்படித் தெரியல. இதுக்குள்ள இருந்து வர்ற மாதிரி..."

"ஃப்ளைட்டுன்னா ஃப்ளைட்டு! பொறந்ததுலேர்ந்து கேக்கறேன், எனக்குத் தெரியாதா? உங்க வேலை கண்ணாடி, அதப் பாருங்க. காதைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்க வேணாம்!"

அவர் மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தார். அடுத்த மூன்று நாளில் இன்னும் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு விமானம் போனது. எப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக அதே நேரத்தில் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினித் திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவ்வளவு மமதை.

வடபழனிப் பக்கம் ஒரு சின்ன பிரிவியூ தியேட்டரில் ட்ரெய்லரைப் போட்டார்கள். முன்வரிசையில் தயாரிப்பாளர், அவர் பக்கத்தில் இயக்குநர், பின்னால் நான். எல்லாம் ஒழுங்காக ஓடியது. வில்லனின் ஆட்கள் சூழ்ந்தார்கள். ஷட்டர் விழுந்து தியேட்டர் அதிர்ந்தது. அமைதி வந்தது. விமானமும் வந்தது. நான் பழக்கப்படி அது போகட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இது வடபழனி. நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடைத்த அறை. இதற்குள் விமானம் எப்படி வரும்?

பம்மலில் ஷட்டர் விழுந்தபோது தூரத்தில் ஒன்று போயிருக்கிறது. மைக் பிடித்திருக்கிறது, நான் கேட்கவில்லை. நாலு மடங்கு மெதுவாக்கியதில் அது நீண்டு, என் இரண்டரை நொடி முழுக்கப் படுத்துக் கிடந்தது.

விளக்கு வந்ததும் தயாரிப்பாளர் திரும்பினார். "மேல ஏதாவது மெஷின் ஓடுதா?"

"இல்ல சார்" என்றார் படம் ஓட்டுகிற ஆபரேட்டர். பொய் சொல்லி என்ன செய்ய? "ஃப்ளைட்டு சார். ரெக்கார்டிங்ல விழுந்துடுச்சு. என் தப்பு. பத்து நிமிஷத்துல எடுத்துடறேன்" என்றேன். மடிக்கணினியைத் திறந்து எடுத்தும் கொடுத்தேன். மறுபடி போட்டார்கள். இப்போது சுத்தமான அமைதி. அடி விழுந்தபோது ஆபரேட்டரே துள்ளினார். தயாரிப்பாளர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை இருந்தது.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ட்ரெய்லர் அவருக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா படத்துக்கு வேற ஒருத்தர்னு சொல்லிட்டாரு. 'தலைக்கு மேல ஃப்ளைட்டு போறது கேக்காதவங்களுக்கு என் படம் எப்படிய்யா கேக்கும்'னாரு. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

தயாரிப்பாளரைத் திட்ட வாயெடுத்தேன். திட்ட ஒன்றும் இல்லை. அந்த மனுஷன் சொன்னது நியாயம்தான். ட்ரெய்லர் அன்றைக்கே வெளியானது. கீழே வந்த கருத்துகளில் பலபேர் அந்த அமைதியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒருத்தர் ஸ்பீக்கர் போய்விட்டதென்று எழுந்து வயரை ஆட்டினாராம். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, நான் ஆரம்பித்தேன்.

"படம் போச்சு. நீங்க அன்னிக்குச் சொன்னப்பவே நான் காது குடுத்திருக்கணும். தப்பு என் மேலதான்."

இவ்வளவு நேராக நான் தப்பை ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மட்டும் இல்ல. மறுநாள் நீ போட்டப்பவும் கேட்டுச்சு. மொட்டை மாடிக்கே போய்ப் பாத்தேன். ஃப்ளைட்டு எதுவும் இல்ல."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்? படமே போயிடுச்சே, ஏன் சொல்லல?"

தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"நீ இப்படிக் கத்துவேன்னுதான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. குற்றம் சொல்கிற தொனியும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

படம் போனபோது நான் அழவில்லை. அந்தப் பதிலுக்கு அழுதேன்.