சபைப் பத்திரிகையில் வந்த படம்

சமையலறை இழுப்பறையில் ஒரு ரப்பர் உருளை கிடக்கிறது. கட்டைவிரலைவிடப் பருமன், மேலெல்லாம் நெல்மணி அளவு முட்கள். பல் முளைக்கும் என் மகள் இன்று அதற்குக் கைநீட்டி அழுதாள். ரப்பரில் என்னென்ன சேர்ந்திருக்கிறதோ என்று வெந்நீரில் போட்டு எடுத்தேன். அப்போதும் கொடுக்க மனம் வரவில்லை.

திருமணத்துக்கு முன் மார்த்தாண்டத்தில் சாரிடம் வேலை பார்த்தேன். கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். பலாக்கொட்டையைத் தோல் நீக்கி மாவாக்கும் முறைக்கு ஒன்று, தென்னைநார்த் தூள் கலந்த ரப்பர் தகட்டுக்கு ஒன்று என்று இரண்டு காப்புரிமைகள் வாங்கியிருந்தார். மூன்றாவதாக, மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கைச் சதை வீணாகாமல் தோலுரிக்கும் இயந்திரம். நான்கு வருட உழைப்பு. அதில் சுழலும் உருளைகளில் ஒன்றுதான் இது. அதன் காப்புரிமை மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். மனுப் போடும்வரை வெளியாள் யாரும் இயந்திரத்தைப் பார்க்கக் கூடாது என்று அவர் சொன்னதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அவர் கண் அறுவைக்குப் போயிருந்த வாரம் எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விருந்து. பெண்கள் சங்கத்து அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஏட்டி, மூணு சாக்கு கெழங்கு கெடக்கு. தொலி உரிச்சு வெரலெல்லாம் போச்சு. சாருக்க மெஷினக் கொண்டு வா. பூட்டி வைக்கதுக்கு அது என்ன நகையா?"

சாரும் அதே சபைதான். சபையாரை வெளியாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொண்டுபோனேன். போதாததற்கு, சார் மகிழ்வார் என்று படமெடுத்து, வேலை செய்யும் விதத்தையும் விளக்கிச் சபைப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அச்சில் பார்த்தபோதுதான் அந்த அடிக்கோடு நினைவுக்கு வந்தது. சொல்வதற்காக மூன்று முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அதற்குள் மனுப் போய்விட்டது.

மாதங்கள் கழித்து, மனுவுக்கு முன்பே அச்சில் வெளியானது புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபணை வந்தது, அந்தப் படத்தின் நகலோடு. சார் அதைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மக்கா, கெழங்கு எல்லாருக்கும் தெகஞ்சுதா?"

"தெகஞ்சுது சார், மிச்சமும் இருந்துது."

"முந்தியே சொல்லியிருக்கலாம்லா."

அவ்வளவுதான். மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் நானே தட்டச்சு செய்தேன். நான் வேலையை விட்ட நாளில் இந்த உருளையைக் கையில் வைத்தார். மன்னித்ததற்கா, மறக்காமல் இருப்பதற்கா என்று கேட்கவில்லை. இப்போது அவரும் இல்லை. மார்த்தாண்டம் கடைகளில் அதே மாதிரி இயந்திரங்கள் நிற்கின்றன. பார்க்காமல் கடந்துபோகப் பழகிவிட்டேன்.

மகள் அழுகையை நிறுத்தவில்லை. பெட்டியிலிருந்து மனுவின் நகலைத் தேடி எடுத்தேன். 'உணவில் படுவதால் இந்த ரப்பரில் தீங்கானது எதுவும் சேர்க்கப்படவில்லை.' நான் தட்டிய வரிதான். இரண்டு முறை படித்தேன். பிறகு உருளையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் கடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.