காற்றுக்கு வைத்த தட்டு

எனக்கு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. நோயாளர் தங்கும் வாட்டுகளின் காற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. சிவப்பு ஜெலி உறைந்த, உள்ளங்கை அளவுத் தட்டொன்றை மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் அறையில் வைப்போம். காற்றில் இருப்பவை தாமாக வந்து விழும். பிறகு மூடி, உடம்புச் சூடுள்ள பெட்டியில் வைத்தால் ஓரிரு நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருந்தேன்.

அப்போதுதான் என் கணவருக்குப் புற்றுநோய் வந்தது. அதே மருத்துவமனையில் சேர்த்தோம். மருந்து ஏற்றியதில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிட்டன. சின்னத் தொற்று வந்தாலும் ஆள் தாங்கமாட்டார் என்றார் டொக்டர்.

இது எங்கள் சனத்துக்கு விளங்குமா? நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் குற்றம், தனியாகப் போனால் அதைவிடக் குற்றம். வழக்கமான சோதனைக்காக ஒருநாள் காலை ஆளில்லாத நேரத்தில் அவருடைய அறையில் ஒரு தட்டு வைத்தேன். பின்னேரம் இன்னொன்றை வைத்துவிட்டு மற்ற வாட்டுகளுக்குப் போனேன். திரும்பி வந்தால் வெள்ளவத்தையிலிருந்து ஒரு வான் நிறைய வந்த சொந்தக்காரச் சனம் கட்டிலைச் சுற்றி நிற்கிறது. அவருடைய அக்கா ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் விபூதியை நெற்றியில் பூசி, தம்பியின் கண்ணைக் கையால் மறைத்து, உதிர்ந்ததை ஊதிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பினேன்.

"நாங்கள் என்ன ஊத்தையோடயே வந்தனாங்கள்? முழுகிப்போட்டுத்தானே வந்தனாங்கள்," என்று அழுதுகொண்டே போனார் அக்கா.

கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "சனமில்லாமல் உயிரோட இருந்து என்ன?" என்றார்.

இரண்டாம் நாள் சூட்டுப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்தேன். காலைத் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். பின்னேரத் தட்டைக் கண்டு மலைத்துப்போனேன். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று இடமில்லாமல் பூத்திருந்தது. விழும்போது கண்ணுக்கே தெரியாத தூசு, இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் கோடிக்கணக்கில் உயிர். நாங்கள் கதைக்கும்போதும் சிரிக்கும்போதும் இவ்வளவையுமா உதிர்த்துக்கொண்டு திரிகிறோம்? பயமாக இருந்தது. அதைவிட, அது அவ்வளவு அழகாகவும் இருந்தது. அத்தனை வருட வேலையில் அன்றைக்குத்தான் எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

தட்டுகளை வாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போனில் படமெடுத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது முழுக்க எங்கட ஆக்களோ?"

"பெரும்பாலும் எங்கட ஆக்கள்தான். அவையின்ர தோலில, மூச்சில இருந்து வந்தது."

"அப்ப அந்தப் பெரிய மஞ்சள் அக்காதான்," என்று சிரித்தார். பிறகு தானே அக்காவுக்குப் போன் எடுத்து, "வெள்ளணு ஏறுமட்டும் வராதேங்கோ, போனில கதைப்பம்," என்றார்.

வெள்ளணு ஏறியது. அவர் வீடு திரும்பினார். ஆட்களைப் பார்க்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, எங்கள் வாசலில் அக்கா முகக்கவசத்தோடு வந்து நின்றார். கையில் விபூதிப் பொட்டலம்.

"உள்ள வரலாமோ?"

கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். முகக்கவசத்தைக் கழற்றினார், தம்பிக்கு விபூதி பூசினார், கண்ணை மறைத்தார். ஊதப் போனவர் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊதுங்கோ மச்சாள்," என்றேன்.