கீழ்ப்பாக்கம் போய் வந்த விமலா அக்கா

விமலா அக்கா போய்விட்டார். நேற்று காலை, சேலையூரில் தங்கை வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்... எழுந்திருக்கவில்லை.

குரோம்பேட்டை ஆபீஸ் நண்பர்கள் பலருக்கு இன்னும் தெரியாது, அதனால்தான் இங்கே போடுகிறேன். இப்படியெல்லாம் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மாலை போட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். அவருடைய தங்கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கீழ்ப்பாக்கம் டாக்டர்கிட்ட கடைசி வரைக்கும் போயிட்டுதான்மா இருந்தா. மாத்திரைய விட்டதே இல்ல. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்னு சொல்லுவா" என்றார்.

தெரியுமா? எங்களுக்கா?

ஒரு விதத்தில் உண்மைதான். அக்கா எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பம்ப் உதிரி பாகங்கள் விற்கும் சின்ன கம்பெனி. பி.காம். முடித்த கையோடு கிளார்க்காகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். யார் பேசினாலும் தலை தானாகக் குனிந்துவிடும். எதிர் டேபிளில் டைப்பிஸ்ட் விமலா அக்கா.

மாதம் ஒரு முறை அரை நாள் லீவு கேட்பார். "எங்கம்மா?" என்று மேனேஜர் கேட்டால், "கீழ்ப்பாக்கம் சார்" என்பார், பளிச்சென்று.

மெட்ராஸ்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே பெரிய மனநல ஆஸ்பத்திரி இருப்பதால், யாரையாவது பைத்தியம் என்று கிண்டல் செய்ய அந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். அக்கா ஜோக் அடிக்கிறார் என்று மொத்த ஆபீசும் சிரிக்கும்.

"மேடம், அப்படியே எனக்கும் ஒரு பெட் சொல்லி வைங்க" என்பார் ஸ்டோர்ஸ் சேகர் சார்.

"உங்களுக்கு பெட்டெல்லாம் பத்தாது சார். தனி வார்டே கேட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாக அக்காதான் சிரிப்பார்.

நான் சிரித்ததில்லை. எங்கள் வீடு சேலையூர் பக்கத்தில் ராஜகீழ்ப்பாக்கத்தில், அது வேறு ஊர். எங்கள் பக்கத்து கண்டக்டர்கள் ராஜாவை விட்டுவிட்டு, "கீழ்ப்பாக்கம்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அக்காவுக்கு எங்கள் ஊரில் யாரோ சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இவர்கள்தான் வேண்டுமென்றே பெயரைத் திரித்துக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள் கோபம்கூட வரும்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு என்னவோ ஆனது... என்ன என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வேலை இருந்தது, வீட்டில் சண்டை இல்லை. ஆனால் காலையில் சீப்பை எடுத்தால் தலை வார முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

"இன்னாடி, வேலைக்குப் போய்கினு மவராசியா கீற, மூஞ்சி மட்டும் ஏன் இப்டி கீது? எவளோ கண்ணு வெச்சிட்டா" என்று அம்மா சுற்றிப் போட்டார். ஒன்றும் மாறவில்லை.

அக்கா என்ன பிரச்சினை என்று கேட்கவே இல்லை. மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "குளிச்சியா? சாப்டியா? தூங்கினியா?"

"குளிச்சேன்."

"அவ்ளோதானா?"

"ம்..."

"மூணுக்கு ஒண்ணு. பரவால்ல, நாளைக்கு ரெண்டு எடு. பாஸ் போட்டுடறேன்."

தினமும் கேட்டார். ஒன்று எடுத்த நாளில் தன் டப்பாவிலிருந்து இரண்டு இட்லியை என் பக்கம் தள்ளிவிடுவார். ஒரு நாள் நானும் துணிந்து கேட்டேன், "நீங்க எவ்ளோக்கா?"

"நானா? நான் அரியர்ஸ் கேஸுடி. எழுதிக்கிட்டே இருக்கேன்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் டேபிள் அருகே வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. மெல்லக் கேட்டார், "என்கூட கீழ்ப்பாக்கம் வர்றியா?"

"எங்க வீடே அங்கதானேக்கா! நான் சாயந்திரம்தான் வருவேன். நீங்க போங்க, அம்மா இருப்பாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சேகர் சாரிடம் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது.

"சரி. அம்மாகிட்ட சக்கரை கம்மியா போடச் சொல்லு" என்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். அக்கா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை. அந்த மூன்று கேள்விகளை மட்டும் நிறுத்தவில்லை... நான் மெல்ல மெல்லத் தேறி, வேறு வேலை கிடைத்துப் போகும் வரைக்கும்.

அவர் சொன்னது எங்கள் ஊர் இல்லை என்பது நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

அன்றைக்கு எதற்குக் கூப்பிட்டார்? எனக்கு டாக்டர் தேவை என்று கண்டுபிடித்துக் கூட்டிப்போகப் பார்த்தாரா? இல்லை, அவருக்கே தனியாகப் போகப் பயமாக இருந்ததா? அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு சமயம் இப்படிக் கேட்கிறது, ஒரு சமயம் அப்படி.

தாங்க முடியாமல் தங்கையிடமே கேட்டேன், "அக்கா கூட யாரு போவாங்க?"

"யாரையும் சேக்க மாட்டாம்மா. நான் வர்றேன்னாலே திட்டுவா. நடுவுல கொஞ்ச நாள், ஆபீஸ்ல ஒரு பொண்ணு கூட வருதுன்னு சொல்லிட்டிருந்தா. எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

அவர் என் கையை விடவே இல்லை. "நல்லா இரும்மா" என்றார்.

பார்த்துப் போங்க, விமலா அக்கா.