சிப்பி வைத்துப் பேசிய வகுப்பு

என் வாயைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. நித்திரையில்தான் அது மூடியிருக்கும் என்பார் அம்மா. அதுவும் சந்தேகம்தான் என்பார் சின்ன மாமா. நிலாவெளியில் நான் நான்காம் வகுப்புப் படித்த காலம் அது. டீச்சர் கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்வேன். மற்றவர்களிடம் கேட்ட கேள்விக்கும் நானே சொல்வேன். அது என் கடமை என்று நினைப்பு.

அந்த வருடம் வந்த டீச்சர் எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து வட்டமாக இருத்தினார். என் குழுவில் நிரோஷனும், மூதூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ரிஸ்னாவும். ரிஸ்னா பேசி யாரும் கேட்டதில்லை. டீச்சர் ஆளுக்கு மூன்று சிப்பி தந்தார். ஒருமுறை பேசினால் ஒரு சிப்பியை நடுவில் வைக்க வேண்டும். கையில் இருப்பது தீர்ந்தால், மற்றவர்களுடையதும் தீரும்வரை வாய் திறக்கக் கூடாது.

என் முதல் சிப்பி, நிரோஷனின் முழங்கை என் பக்கம் வருகிறது என்று முறையிட்டதில் போனது. இரண்டாவது, "இதுக்கும் சிப்பி வைக்க வேணுமோ?" என்று கேட்டதில். மூன்றாவது, "இது அநியாயம்" என்றதில். பிறகு மணி அடிக்கும்வரை ரிஸ்னாவின் மூன்று சிப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தும் நான் பேசாமல் இருக்க, அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

காய்ச்சல் இல்லை, யோசனை. அப்பா கரைவலை இழுக்கிறவர். வலையோடு சேர்ந்து வரும் சிப்பியை எங்கள் ஊரில் யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அன்று பின்னேரமே கடற்கரைக்கு ஓடிப் பை நிறைய அள்ளினேன்.

"அப்பா, எங்கட டீச்சருக்கு ஒண்டும் தெரியாது. சிப்பி கிடைக்காத சாமான் எண்டு நினைச்சிட்டா போல."

அப்பா சிரித்த சிரிப்பில், சுற்றி வைத்திருந்த கயிற்றின் மேலேயே குந்திவிட்டார். "ஓம் மகள், பாவம் மனுசி. அள்ளு, நல்லா அள்ளு."

மறுநாள் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் என் உற்சாகம் பாதியாகிவிட்டது. எல்லோருடைய சட்டைப் பையும் பிதுங்கிக்கொண்டிருந்தது. நிரோஷன் சாப்பாட்டுப் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தான், சாப்பாட்டை வீட்டில் விட்டுவிட்டு. ரிஸ்னா மட்டும் வெறுங்கையோடு வந்திருந்தாள். டீச்சர் தன் தலையில் கை வைத்தார்.

"ஐயோ பிள்ளையள், இனி நான் என்ன செய்யிறது?"

சற்று யோசித்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டார். அவரவர் கொண்டுவந்த சிப்பி அவரவருக்குச் செல்லாது. இன்னொருவர் தந்த சிப்பியை வைத்துத்தான் பேசலாம்.

அன்றைக்கு வேலை, சிறுவர் தின விழாவுக்குக் குழு என்ன செய்யும் என்று முடிவெடுப்பது. மூன்று பேரும் வாய் திறந்து சம்மதம் சொல்லாவிட்டால் மேடை கிடையாது. எனக்கோ கரைவலை நாடகம் போட வேண்டும் என்று உயிர்போகிற ஆசை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாக நின்று, எல்லோரையும் அதட்ட வேண்டும்!

நான் நிரோஷனுக்கு இரண்டு கை நிறையக் கொடுத்தேன். அவன் எனக்குத் திருப்பித் தரவில்லை. முழங்கைக் கோபம் இன்னும் ஆறவில்லை. தன்னுடையதை எல்லாம் ரிஸ்னாவின் மடியில் கொட்டினான். வகுப்பின் பேச்சில் பாதி அந்தப் பேசாத பிள்ளையின் மடியில் கிடந்தது. என்னிடம் செல்லக்கூடிய சிப்பி ஒன்றுகூட இல்லை. எழுந்து நின்று கயிறு இழுத்துக் காட்டினேன். இல்லாத மீசையை முறுக்கினேன். விரலை ஆட்டி நிரோஷனை அதட்டினேன். ரிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஒரே ஒரு சிப்பியை என் பக்கம் தள்ளினாள்.

அந்த ஒரு சிப்பியில், மூச்சு விடாமல் முழு நாடகத்தையும் சொன்னேன். நிரோஷன் சரி என்றான். ரிஸ்னா மடியைக் கிளறினாள். பேசு, பேசு என்று எனக்கு உள்ளே துடிக்கிறது. சொல்ல என்னிடம் சிப்பி இல்லை. கடைசியில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள். கேட்பதற்கு நாங்கள் இருவரும் குனிய வேண்டியிருந்தது.

"நான் மீனா வாறன்."

மீனுக்கு வசனம் கிடையாது. பிள்ளை அதைக் கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறாள்.

விழாவன்று அப்பாவின் பழைய வலைத்துண்டுக்குள் மீன் துள்ளிய துள்ளலை அந்த மண்டபம் மறந்திருக்காது. வலையிலிருந்து நழுவியது, மேடையிலிருந்து குதித்தது, பள்ளி அதிபரின் கதிரைக்குப் பின்னால் ஒளிந்தது. தாய் தகப்பன்மார் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சம்மாட்டியின் அதட்டல் ஒருவர் காதிலும் விழவில்லை. நானும் சிரித்துச் சிரித்து மேடையிலேயே குந்திவிட்டேன். என் குரல் யாருக்கும் கேட்காத நாள் அது. அவ்வளவு சந்தோசமான நாளும் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

கடற்கரையில் கிடக்கிற சிப்பியைப் பற்றித் தெரியாத டீச்சர் என்று வெகுகாலம் அவருக்காக இரக்கப்பட்டிருக்கிறேன். போன வருடம் என் கலியாணத்துக்குச் சொல்ல, சல்லிக் கிராமத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். வேலிக்கு அப்பால் கடல். பூஞ்செடிகளைச் சுற்றிச் சிப்பி, கிணற்றடியில் சிப்பி, படியோரம் குவியல் குவியலாகச் சிப்பி. அவர் பிறந்து வளர்ந்த வீடாம். அவருடைய தகப்பனும் என் அப்பாவும் ஒரே கயிற்றை இழுத்தவர்களாம்.

அப்படியென்றால் அன்று தலையில் கை வைத்தது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். முடியவில்லை. கூட வந்த ரிஸ்னா வாசல் படலையடியிலேயே கதைக்கத் தொடங்கியிருந்தாள், இன்னும் நிறுத்தவில்லை. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குனிந்து, படியோரத்திலிருந்து ஒரு சிப்பியை எடுத்து என் கையில் வைத்தார்.