சிம்ரன் அழுத பாட்டு

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில், வாங்க வருகிறவர்களுக்குப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவது சிம்ரனின் வேலை. வயது இருபத்தேழு. திருப்பருத்திக்குன்றத்தில் அம்மா கங்கையம்மாளோடும் தம்பி கமலோடும் இருந்தாள். அப்பா செத்தபோது கமலுக்கு ஏழு வயது. அவனைப் படிக்கவைத்து ஒரகடத்துக் கம்பெனியில் சேர்த்தது வரை எல்லாம் அவள்தான்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு ராக் குழு, 'சாவி எங்கே' என்ற தங்கள் புதுப் பாட்டுக்கு வீடியோ எடுக்க வந்தது. இயக்குநர் குமரகுருவுக்குக் கடையில் பார்த்த சிம்ரனின் முகம் பிடித்துப்போயிற்று. சாவுச்செய்தி கேட்டு அழ வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு விடுமுறையான புதன்கிழமை, பிள்ளையார்பாளையத்துப் பழைய வீடொன்றில் படப்பிடிப்பு. ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அழுகை வரவில்லை. கிளிசரினுக்குக் கண்ணீர் வந்தது, முகம் அசையவில்லை. பன்னிரண்டு முறை எடுத்தார்கள். கிதார்காரன் கொட்டாவி விட்டான். சாப்பாட்டு நேரத்தில் குமரகுரு பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யார் மேல் உயிர் என்று விசாரித்தான். அவள் கமலைப் பற்றிச் சொன்னாள். இப்போது ஷிப்டில் இருப்பான், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதையும் சொன்னாள்.

அரை மணி கழித்து அவள் போன் அடித்தது.

"கமலோட அக்காவா? கம்பெனியிலேர்ந்து பேசறோம்மா. மெஷின்ல மாட்டிக்கினாரு. உயிர் இல்ல."

சிம்ரன் அலறினாள். வாசலுக்கு ஓடியதில் படியில் விழுந்து முன்பல் உடைந்தது. வாயில் ரத்தத்தோடு எழுந்து தெருவில் ஓடினாள். கேமராவும் கூடவே ஓடியது. தெருமுனையில் குமரகுரு மறித்தான்.

"சும்மாம்மா, சும்மா! நம்ம ஆளுதான் போன் பண்ணான். சூப்பரா வந்துருக்குது!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் நம்பவில்லை. தன்னைத் தேற்றத்தான் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். ஆட்டோ பிடித்து ஒரகடம் போனாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று காவலாளி சொன்னதையும் நம்பாமல், இரண்டு மணி நேரம் கேட்டைப் பிடித்துக் கதறினாள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கமலை எல்லோர் முன்னாலும் ஓங்கி அறைந்தாள். பிறகு அவன் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

வீடியோ வந்த ஒரே வாரத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். "என்னா நடிப்பு!" என்று எழுதினார்கள். எடுத்துவிடச் சொல்லி அவள் போன் செய்தாள்.

"கையெழுத்து போட்டுருக்கீங்களேம்மா" என்றான் குமரகுரு.

கமலோ அந்த அலறலை ரிங்டோனாக வைத்துக்கொண்டான்.

"நீ செத்துட்டன்னு அழுதன்டா அது."

"அதாங்க்கா. எம்மேல எம்மாம் பாசம்னு ஊருக்கே தெரிஞ்சிடுச்சி" என்று சிரித்தான்.

கடை முதலாளி வரதராஜன் அந்த வீடியோவைக் கடையில் ஓடவிட்டார். ஒருநாள் கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம் அவளை அடையாளம் கண்டுகொண்டது.

"ஒரே ஒரு தடவ அழுது காட்டேம்மா. பெரிய பார்ட்டி" என்றார் வரதராஜன். மணப்பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சிம்ரன் தோளில் கிடந்த புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வரவில்லை.

இப்போது ஒரு பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறாள். தொப்பி, முகக்கவசம், கையுறை. கண் மட்டும்தான் தெரியும். அதற்காகவே அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். கமலோடு பேசி எட்டு மாதமாகிறது. ஒரே வீடுதான். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகே மற்றவரைக் கூப்பிடுகிறாள் கங்கையம்மாள்.